கண்ணாடிக் கூண்டு

நுழையும்முன்

ஒரு பொருளைத் தம் கையால் செய்து பார்த்தவருக்கே அதன் அருமை தெரியும். தில்லியில் வாழும் மாணவன் ஒருவனும் அவனுடைய தாத்தாவும் சேர்ந்து ஒரு மாதிரி விமானத்தை உருவாக்கிய நிகழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது. அவ்விமானத்தின் மிகச் சிறிய உறுப்பு ஒன்று அவர்களை எங்கு கொண்டு சேர்த்தது என்பதைப் படித்தறிவோம்.

பெட்டியில் வந்த விமானம்

தில்லியின் பாலம் பகுதியில் விமான ஓசை கேட்காத நாள் இல்லை. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. அக்குடும்பத்தின் இளைய பிள்ளை ஏழாம் வகுப்பு மாணவன். விநாயகர் சதுர்த்திக்காகப் பெங்களூரிலிருந்து வந்த மாமா அவனுக்கு ஒரு சிறிய பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். பெட்டியின் மேல் மேகங்களைக் கிழித்துக்கொண்டு பாயும் போர் விமானம் ஒன்றின் படம் இருந்தது. ஆவலுடன் திறந்தவனுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய்த்த பிஞ்சுகளைப் போல, சிறு சிறு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டு" என்றார் மாமா.

தாத்தா மதுரையை அடுத்த மேலூருக்கு அருகில் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்திய விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி பெற்று, மிக்-21 விமானங்களின் உடற்பகுதியைச் செப்பனிடும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். பாட்டி மறைந்தபின் மகனோடு தில்லிக்கு வந்திருந்தார். அவருடைய கண்களில் புரை படர்ந்திருந்தது. கைகளிலும் மெல்லிய நடுக்கம். அறுவை செய்துகொண்டால் பார்வை திரும்பும் என்று மருத்துவர் பலமுறை கூறியும் அவர் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார்.

தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே பேச்சு குறைவு. பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசிப் பழகிய பேரனுக்குத் தமிழ் புரியும். ஆனால் பேச நா எழாது. தாத்தாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஆயினும் வீட்டுக்குள் அவர் தமிழைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை. ஆகவே, "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்" என்ற அளவிலேயே அவர்களின் உரையாடல் நின்றுவிடும்.

அன்று தாத்தா பெட்டியிலிருந்த இறக்கைத் துண்டை எடுத்து விரலால் தடவினார். முனை வரை வளைந்து சென்ற அதன் விளிம்பை உணர்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, இது ஸ்பிட்ஃபயர்! இந்த நீள்வட்ட இறக்கை வேறு எதற்கும் வராது" என்றார்.

பாலின் பதம்

இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தைக் காத்த விமானங்களுள் ஒன்று ஸ்பிட்ஃபயர். அதை வடிவமைத்தவர் ரெஜினால்ட் மிட்செல் என்னும் பொறியாளர். அது முதன்முதலில் வானில் எழுந்தது 1936ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று. அடுத்த ஆண்டே, தம் நாற்பத்திரண்டாம் வயதில், நோய்வாய்ப்பட்டு மிட்செல் இறந்தார். பின்னர் அவ்வகை விமானங்கள் இருபதாயிரத்துக்கும் மேல் உருவாயின. அவற்றுள் போர்க்களம் சென்ற ஒன்றைக்கூட அவர் காணவில்லை.

மாதிரியின் அளவு 1/72 என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. "அதன் பொருள் என்ன?" என்று தாத்தா கேட்டார். பேரன் விழித்தான். "ஆறடி உயர மனிதன் எத்தனை அங்குலம்?" என்றார். "எழுபத்திரண்டு." "அவன் இந்த விமானத்தின் பக்கத்தில் நின்றால் ஓர் அங்குலம்தான் இருப்பான்." பேரன் தன் கட்டைவிரலின் மேற்கணுவைப் பார்த்துக்கொண்டான். பதினொரு மீட்டருக்குச் சற்று மிகுந்த உண்மையான இறக்கை விரிவு, அவன் மேசைமேல் பதினாறு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தாத்தாவின் கை நடுங்கும். கண்ணும் தெளிவில்லை. ஆகவே வேலை முழுவதையும் பேரனே செய்ய வேண்டும். தாத்தா சொல்வார், அவன் செய்வான். அவர் சொல்வதோ தமிழில். அரம், உப்புத்தாள், தூரிகை, பிசிறு, இணைப்பு, பதம் என்று அவன் அறியாத சொற்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. ஒரு சொல் புரியாவிட்டால் ஓர் உறுப்பு கோணிவிடும். எனவே அவன் கேட்டான். கேட்டுக் கேட்டுப் பேசத் தொடங்கினான்.

முதல் நாள் துண்டுகளை எல்லாம் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தார்கள். வார்ப்பச்சில் இருந்து வரும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் வண்ணம் பிடிக்காது. பின்பு சட்டத்திலிருந்து துண்டுகளை நகவெட்டியால் நறுக்கி எடுத்து, பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்தான்.

இறக்கையை உடனே ஒட்டிப் பார்க்கத் துடித்தவனைத் தாத்தா தடுத்தார். "முதலில் விமானியை உட்கார வை. உடலை மூடிவிட்டால் உள்ளே கை போகாது." விமானி, இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, உட்சுவர் ஆகியவற்றுக்கு முதலில் வண்ணம் தீட்ட வேண்டியதாயிற்று. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அவ்விமானியின் முகத்துக்கும் மேலங்கிக்கும் வண்ணம் பூச ஒரு மாலைப்பொழுது முழுவதும் கழிந்தது.

உடலின் இரு பாதிகளும் ஒட்டப்பட்டன. இணைந்த இடத்தில் கோடு தெரியாதவரை தேய்க்க வேண்டும். "சரியாகிவிட்டது, தாத்தா" என்று பேரன் பலமுறை கூறினான். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுவார். "வாலுக்கு நான்கு விரல் முன்னே ஒரு மேடு இருக்கிறது" என்பார். மேடு அங்கே இருக்கும்.

வண்ணத்தைக் குப்பியில் இருந்தபடியே பூசியபோது அது தோசை மாவைப் போலத் திரண்டு, கோடுகளை எல்லாம் மூடிவிட்டது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினார்கள். "வண்ணம் பாலின் பதத்தில் இருக்க வேண்டும். ஒரே பூச்சில் நிறம் வரவேண்டும் என்று ஆசைப்படாதே. மெல்லிய பூச்சு, காய்ச்சல், மறுபடியும் பூச்சு" என்றார் தாத்தா. அடிப்பகுதிக்கு வெளிறிய வான்நிறம். மேற்பகுதிக்கு மண்ணின் பழுப்பும் இலையின் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக. மேலிருந்து காண்பவனுக்கு விமானம் வயலோடு வயலாகத் தோன்ற வேண்டும். கீழிருந்து காண்பவனுக்கு வானோடு வானாகக் கரைய வேண்டும். வட்டச் சின்னங்கள் தாளிலிருந்து நீரில் ஊறிப் பிரிந்து, ஈரத்தோடு வழுக்கி, இறக்கையின் மீது அமர்ந்தன.

மங்கிய கூண்டு

அக்டோபர் 8 விமானப்படை நாள். அதையொட்டிப் பள்ளியில் கண்காட்சி நடக்கவிருந்தது. ஆறாம் நாள் மாலை, விமானியை மூடும் ஒளிபுகும் கூண்டு மட்டுமே எஞ்சியிருந்தது.

"கூண்டுக்கு மரவேலை செய்வோர் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் ஏற்றது. நாளை வாங்கிக்கொள்ளலாம்" என்று கூறிவிட்டுத் தாத்தா உறங்கச் சென்றார். பேரனுக்குப் பொறுமை இல்லை. அலமாரியில் உடனே ஒட்டும் பசை இருந்தது. இரண்டு சொட்டு வைத்து அழுத்தினான். ஒட்டிக்கொண்டது. மகிழ்ச்சியோடு உறங்கினான்.

காலையில் எழுந்து பார்த்தவன் திடுக்கிட்டான். கூண்டின் உட்புறம் முழுவதும் வெண்பனி படர்ந்தது போல் மங்கியிருந்தது. அவ்வகைப் பசையிலிருந்து எழும் ஆவி, ஒளிபுகும் பிளாஸ்டிக்கின் மீது வெள்ளையாகப் படியும் என்பதை அவன் அறியான். ஒரு மாலை முழுவதும் வண்ணம் தீட்டிய விமானி உள்ளே இருப்பதே தெரியவில்லை.

தாத்தா வந்து விமானத்தைக் கையில் வாங்கினார். கூண்டின் மேல் விரலை ஓட்டினார். வெளிப்புறம் வழவழப்பாகவே இருந்தது. உள்ளே படிந்த மங்கலை விரல் அறியாது. புரை படர்ந்த கண்ணும் அறியாது.

"அருமையாகப் பொருந்தியிருக்கிறது. விமானி நன்றாகத் தெரிகிறானா?" என்று கேட்டார்.

பேரன் ஒரு நொடி தயங்கினான். "தெரிகிறார், தாத்தா" என்றான்.

காணாமற்போன திருப்புளி

தாத்தா மனநிறைவோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பழைய நினைவு ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.

"நாங்கள் நாள்தோறும் காலையில் கூண்டைத் துடைப்போம். தொலைவில் வரும் எதிரி விமானம் முதலில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கூண்டில் அழுக்குப் புள்ளி ஒன்று இருந்தால், எது அழுக்கு, எது எதிரி என்று விமானி எப்படி அறிவார்? அவருடைய உயிர் எங்கள் துணியில் இருந்தது, தம்பி.

"ஒருநாள் மாலை, வேலை முடிந்து கருவிப்பெட்டியை எண்ணினேன். ஒரு திருப்புளி குறைந்தது. விமானத்துக்குள் விழுந்து கிடந்தால், அது பறக்கும்போது உருண்டுபோய்க் கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கிக்கொள்ளும். வேறெங்காவது தவறவிட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. கடைவீதியில் அதுபோல் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது. ஆனால் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மறுநாள் பறக்க வேண்டிய விமானத்தை நிறுத்தினார்கள். எட்டுப் பேர் இரவெல்லாம் விளக்குப் பிடித்துத் தேடினோம். விடியற்காலையில் விமானியின் இருக்கைக்கு அடியில் கிடைத்தது. எனக்கு ஒரு வாரம் கூடுதல் காவற்பணி தண்டனை. அந்த விமானத்தில் பறக்கவிருந்தவர் வந்தார். ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்."

பேரன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு எழுந்து அருகில் வந்தான்.

"தாத்தா, விமானி தெரியவில்லை. கூண்டு வெள்ளையாகிவிட்டது. நான்தான் இரவில் வேறு பசை வைத்தேன். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துப் பொய் சொன்னேன்."

தாத்தா உடனே பதில் கூறவில்லை. பேரனின் கையைப் பற்றி அருகில் அமர்த்திக்கொண்டார். "சரி. கூண்டைக் கழற்றுவோம்" என்றார்.

அன்று மாலை, மெல்லிய தகட்டலகை இணைப்பில் நுழைத்துக் கூண்டை நெம்பியவர் தந்தை. உடலில் சிறிதளவு வண்ணம் பெயர்ந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் பற்பசையைத் தொட்டுக்கொண்டு, கூண்டின் உட்புறத்தைப் பேரன் இரண்டு மணிநேரம் தேய்த்தான். மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. வலப்பக்க ஓரத்தில் மட்டும் சிறு புகைபோல் எஞ்சியது. வெள்ளைப் பசையால் மீண்டும் ஒட்டினார்கள்.

"பழுதையும் பதிவேட்டில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம்" என்றார் தாத்தா. மறுநாள் கண்காட்சியில் விமானத்தின் முன் இருந்த அட்டையில், விமானத்தின் பெயருக்கும் அளவுக்கும் கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'கூண்டின் ஓரத்தில் உள்ள மங்கல் என் அவசரத்தால் நேர்ந்தது.'

கண்ணில் ஒரு துண்டு

கண்காட்சிக்கு வந்த சிறுமி ஒருத்தி, "இது யாரைச் சுடும்?" என்று கேட்டாள். அவனுக்கு விடை தெரியவில்லை. மாலையில் தாத்தாவிடம் அதே வினாவைக் கேட்டான்.

"மனிதரைத்தான்" என்றார் தாத்தா. "இதில் பறந்தவரும் மாண்டார். இதனால் சுடப்பட்டவரும் மாண்டார். போர் விமானத்தை அழகு என்று மட்டும் பார்க்கக் கூடாது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் நம் ஊர்க்காரரும் உண்டு." பிரிட்டனின் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் விமானங்களை இயக்கிய 234ஆம் அணி, சென்னை மாகாண மக்களின் நன்கொடையை நினைவுகூர்ந்து அம்மாகாணத்தின் பெயரைத் தாங்கியிருந்ததை அவர் எடுத்துரைத்தார். "நம்மை அடிமையாக வைத்திருந்தவர்களுக்கு நாம் ஏன் கொடுத்தோம்?" என்றான் பேரன். "மனமுவந்து கொடுத்தவரும் இருந்திருப்பர். அதிகாரி கேட்டதால் கொடுத்தவரும் இருந்திருப்பர்" என்றார் தாத்தா.

அந்த விடை அவனை நூலகத்துக்கு அனுப்பியது. அந்தப் போரைப் பற்றி எழுதிய நூல்களைப் புரட்டியபோது, அவன் எதிர்பாராத ஒரு செய்தி கிடைத்தது. ஓடோடி வந்து தாத்தாவிடம் கூறினான். கூறியது முழுவதும் தமிழில்.

ஸ்பிட்ஃபயர் போன்ற விமானங்களின் கூண்டு கண்ணாடியால் ஆனதன்று. பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆனது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கார்டன் கிளீவர் என்னும் விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டபோது, கூண்டு சிதறி அதன் துண்டுகள் அவருடைய கண்களுக்குள் பாய்ந்தன. அவருக்கும் அவரைப் போன்ற விமானிகளுக்கும் மருத்துவம் செய்தவர்களுள் ஹரால்ட் ரிட்லி என்னும் கண் மருத்துவரும் ஒருவர். பொதுவாகக் கண்ணில் அயற்பொருள் புகுந்தால் கண் சிவந்து வீங்கும். ஆனால் இந்தத் துண்டுகளோ ஒரு தீங்கும் செய்யாமல் அமைதியாகக் கிடந்தன. அதை ரிட்லி கண்டார்.

அக்காலத்தில் புரை படர்ந்த வில்லையை அறுத்தெடுப்பார்களே தவிர, அவ்விடத்தில் வேறொன்றை வைப்பதில்லை. நோயாளிகள் தடித்த கண்ணாடி அணிந்து காலம் தள்ளினர். எடுத்த வில்லைக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கக் கூடாதா என்று மருத்துவ மாணவர் ஒருவர் ரிட்லியிடம் கேட்டாராம். விமானக் கூண்டின் துண்டுகளை ரிட்லி நினைத்துப் பார்த்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் சிறு வில்லை செய்து, 1949ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். இன்று உலகெங்கும் கண்புரை அறுவையில் செயற்கை வில்லை பொருத்துவது அவர் தொடங்கிய வழியே.

தாத்தா வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "கண்ணுக்குள்ளே ஏதோ ஒன்றை வைப்பார்கள் என்றார்களே, அதை எண்ணித்தான் எனக்கு அச்சம்" என்றார். எத்தனையோ விமானங்களுக்குள் புகுந்து வேலை செய்தவர் அவ்வாறு கூறியதைப் பேரன் அதற்குமுன் கேட்டதில்லை.

"நீங்கள் நாள்தோறும் துடைத்த கூண்டு போன்றதுதான், தாத்தா" என்றான் அவன்.

குளிர்கால விடுமுறையில் குடும்பத்தினர் திருக்குறள் விரைவுவண்டியில் மதுரைக்குப் புறப்பட்டனர். பஞ்சு பொதிந்த பெட்டியில் விமானமும் உடன் சென்றது. மருத்துவர் கோ. வேங்கடசாமி 1976ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் தாத்தாவுக்கு அறுவை நடந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் வில்லைகள் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தமையால், 1992ஆம் ஆண்டு முதல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் அவற்றைக் குறைந்த செலவில் செய்து வருகிறது என்பதையும் பேரன் அங்கே அறிந்துகொண்டான்.

மறுநாள் கட்டுப் பிரிக்கப்பட்டது. சிறிது நேரம் கழித்துத் தாத்தா கையை நீட்டினார். பேரன் விமானத்தை அவரிடம் கொடுத்தான். இதுவரை விரலால் மட்டுமே அறிந்திருந்த விமானத்தை அவர் சாளரத்தின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுப்பும் பச்சையும், வட்டச் சின்னமும், வண்ணம் பெயர்ந்த இடமும் கண்ணில் பட்டன. பின்பு கூண்டைக் கண்ணருகே கொண்டுவந்தார்.

"விமானிக்கு மீசை வைத்திருக்கிறாயே, சொல்லவே இல்லையே!" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "வலப்பக்க ஓரத்தில் இன்னும் கொஞ்சம் புகை இருக்கிறது, தம்பி" என்றார்.

"தில்லிக்குப் போனதும் துடைத்துவிடுகிறேன், தாத்தா."

"வேண்டாம். அது பதிவேட்டில் ஏறிவிட்டது. இருக்கட்டும்" என்றார் தாத்தா.

சொல்லும் பொருளும்

கூண்டு – விமானி அமரும் இடத்தை மூடும் ஒளிபுகும் மூடி
பிசிறு – வெட்டிய விளிம்பில் எஞ்சும் சிறு துணுக்கு
உப்புத்தாள் – தேய்த்து வழவழப்பாக்கப் பயன்படும் சொரசொரப்பான தாள்
பதம் – ஏற்ற பக்குவம்
திருப்புளி – திருகாணியை முடுக்கவும் கழற்றவும் உதவும் கருவி
புரை – கண்ணின் வில்லையில் படரும் மங்கல்
வில்லை – கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் உறுப்பு
நெம்புதல் – அடியில் கொடுத்து மேலே எழுப்புதல்

பயிற்சி

1. உடலை ஒட்டுவதற்கு முன் விமானியை அமர்த்த வேண்டும் என்று தாத்தா கூறியது ஏன்?
2. 1/72 என்னும் அளவின் பொருளைத் தாத்தா எவ்வாறு விளக்கினார்? உன் வகுப்பறையின் நீளம் அந்த அளவில் எத்தனை சென்டிமீட்டர் ஆகும் என்று கணக்கிட்டு எழுதுக.
3. 'தெரிகிறார், தாத்தா' என்று கூறிய பேரன் பின்னர் உண்மையைக் கூறியது ஏன்? உன் சொற்களில் எழுதுக.
4. விமானக் கூண்டின் துண்டுகளிலிருந்து ரிட்லி அறிந்த உண்மை யாது?
5. மங்கலைத் துடைக்க வேண்டாம் என்று தாத்தா கூறியது சரியா? வகுப்பில் கலந்துரையாடுக.
6. உன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் செய்த தொழிலைப் பற்றிக் கேட்டறிந்து, அத்தொழிலுக்குரிய பத்துத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து எழுதுக.